மயில்கழுத்துப் பட்டு மூணு கேமராவுல மூணு நிறம்: எதைப் பிடிச்சு மேட்ச் பண்ணணும்?

தக்கலை_எடிட் | ஞாயிறு, இரவு 11.20

வணக்கம் மக்களே. ரெண்டு ராத்திரியா ஒரே ஷாட்டுல கெடக்கேன், வழி தெரியல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

போன வாரம் நாகர்கோவில்ல ஒரு மண்டபத்துல கல்யாணம் எடுத்தோம். என் கையில சோனி ஏ7 மார்க் 4, எஸ்-லாக்3 (பின்னால நிறம் திருத்த வசதியா வெளிறலாப் பதியுற லாக் முறை), 10 பிட். ரெண்டாவது கேமராவுக்கு வந்த தம்பி கேனான் ஆர்6-ல லாக் போடாம ஸ்டாண்டர்ட் பிக்சர் ஸ்டைல்லயே எடுத்துட்டான், 8 பிட். ஒயிட் பேலன்ஸும் (எது வெள்ளைன்னு கேமராவுக்குச் சொல்ற அமைப்பு) ஆட்டோவுல கெடந்திருக்கு. வெளிய தென்னந்தோப்புல டிஜேஐ மினி 4 ப்ரோ, நார்மல் கலர். இது போக மாப்பிள்ளையோட தங்கச்சி ஐபோன்ல எடுத்த நாலஞ்சு கிளிப்பும் கண்டிப்பா சேக்கணும்னு சொல்லிட்டாங்க.

மேடையில முன்னால எல்இடி ஃபோகஸ், இடப்பக்கம் பெரிய சன்னல் வெளிச்சம், தலைக்கு மேல மஞ்சப் பந்தல்துணி. மூணும் சேந்து முகத்துல விழுது.

முகூர்த்தத்துக்கு உடுத்தின அரக்குப் பட்டு ஓரளவு ஒத்துப் போச்சு. தாலி கட்டின பிறகு மாத்தி உடுத்தினது மயில்கழுத்து. அங்கதான் மாட்டிக்கிட்டேன். சோனியில பச்சையாட்டு நிக்கி, கேனான்ல நல்ல நீலம், ட்ரோன்ல ரெண்டும் இல்லாத ஒரு சாம்பல் பச்சை. கலர் திருத்துற டாவின்சி ரிசால்வ் சாஃப்ட்வேர்ல, ஒரு நிறத்தை இன்னொண்ணா மாத்துற ஹ்யூ வெர்சஸ் ஹ்யூ போட்டுப் பச்சையை நீலத்துக்குத் தள்ளுனா, பின்னால கட்டியிருக்க வாழைமரமும் மாவிலைத் தோரணமும் கூடவே நீலிக்குது. ஒரு நிறத்தைத் தனியாப் பிரிச்செடுக்கிற குவாலிஃபையர்ல சேலையை மட்டும் பிடிச்சா மடிப்பு மடிப்பா ஓட்டை விழுது. ஷாட் மேட்ச் பட்டனும் அமுக்கிப் பாத்தாச்சு.

சாம்பிள் பாத்துட்டு பொண்ணோட அம்மா போன் பண்ணினாங்க. "தம்பி, சேலை ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு கலரா தெரியுதே"ன்னு சாதாரணமாத்தான் கேட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கு உறக்கம் இல்ல. எடுத்துக் குடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கு.

முட்டம்_ட்ரோன் | ஞாயிறு, இரவு 11.52

மச்சான், சோனியைக் கேனான் கலருக்கு மாத்துற லட் பேக் கிடைக்குது. ஒண்ணு வாங்கிப் போட்டா அஞ்சு நிமிஷ வேலை. நான் ட்ரோன் கிளிப்புக்கு அப்படித்தான் செய்யேன்.

நாஞ்சில்_கட் | திங்கள், காலை 6.10

முட்டம் தம்பி சொன்னதுக்கு முதல்ல பதில் சொல்லிடுதேன். லட்டுங்கிறது ஒரு வாய்ப்பாடு. உள்ள இந்த எண் வந்தா வெளிய அந்த எண் போகும், அவ்வளவுதான். அதைச் செஞ்சவன் ஒரு வெளிச்ச அளவுல, ஒரு ஒயிட் பேலன்ஸ்ல எடுத்த படத்தை வச்சுச் செஞ்சிருப்பான். எஸ்-லாக்3-ல 18 சதவீதச் சாம்பல் வெளிச்ச அளவுகோல்ல நூத்துக்கு 41-லயும், 90 சதவீத வெள்ளை 61-லயும் நிக்கணும்னு கணக்கு. நம்மள்ல பாதிப்பேர் நிழல்ல இரைச்சல் வரக்கூடாதுன்னு ஒண்ணரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) கூட்டி எடுக்கோம். அப்ப வாய்ப்பாட்டுல வரி மாறிப் போகுது. லட் போடுறதுக்கு முன்னால வெளிச்சத்தை அதது இடத்துல கொண்டு வந்து நிப்பாட்டாம எந்த லட்டும் சரிவராது.

மக்கா தக்கலை, நீ நிறத்துல இருந்து ஆரம்பிச்சிருக்க. அங்கதான் தப்பு. சிவப்பு, பச்சை, நீலம் மூணோட உயரத்தையும் தனித்தனியாக் காட்டுற பரேடைத் திறந்து வச்சுக்கோ. முதல்ல கருப்பு: மாப்பிள்ளை தலைமுடி, நாதஸ்வரத்தோட கருங்கட்டை. ரெண்டாவது வெள்ளை: வேட்டி. மூணாவது நடு. மூணு கேமராவுலயும் இது மூணும் ஒரே உயரத்துல வந்த பிறகு பாரு, நீ நிறம்னு நெனச்சதுல பாதி வெறும் வெளிச்ச வித்தியாசமா இருக்கும். ஒரு ஸ்டாப் கீழ கெடக்க சிவப்பு, பாக்குறதுக்கு வேற சிவப்பு மாதிரியே இருக்கும்.

மினி-டிவி (MiniDV) டேப் காலத்துல எங்களுக்கு வேற வசதி கெடையாது. ரெண்டு கேமராவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, மாப்பிள்ளை வேட்டியிலேயே ஒயிட் பேலன்ஸ் அடிச்சுட்டுத்தான் மேடைக்கு ஏறுவோம்.

குழித்துறை_கலர் | திங்கள், காலை 9.35

அண்ணாச்சி சொன்ன வரிசை சரி. வேட்டியில மட்டும் எனக்கு ஒரு பயம் உண்டு, அதைச் சொல்லிடுறேன்.

நான் சென்னையில ஒரு கலரிஸ்ட்கிட்ட உதவியாளரா இருக்கேன். புது வேட்டியைச் சாம்பல் அட்டை (எந்த நிறச் சாய்வும் இல்லாத அளவு அட்டை) மாதிரி நம்பக்கூடாது. வெளுப்புக் காட்டுறதுக்காக அதுல ஒளிரும் பொருள் சேத்திருப்பாங்க. அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீலமா வெளிய விடும். துவைக்கிற சோப்புத்தூள்லயும் இதே சரக்கு உண்டு. அதுக்கு மேல சிலர் சொட்டு நீலம் வேற போடுவாங்க. சன்னல் வெளிச்சத்துல புற ஊதா இருக்கு, எல்இடி ஃபோகஸ்ல அது ஏறக்குறைய இல்லவே இல்ல. அதனால ஒரே வேட்டி சன்னல் பக்கம் நீலமாவும் ஃபோகஸ் பக்கம் மஞ்சளாவும் நிக்கும். அதை வெள்ளைன்னு எடுத்துக்கிட்டு மூணு சேனலையும் சமமா இழுத்தா முகம் மஞ்சக் காமாலை வந்த மாதிரி ஆயிடும். வேட்டியில வெளிச்சத்தோட உயரத்தை மட்டும் பாருங்க, நிறத்தைப் பாக்காதீங்க.

இப்ப தக்கலைத் தம்பியோட டைம்லைன். முதல் வேலையா எல்லாத்தையும் ஒரே கலர் ஸ்பேஸுக்கு (நிறத்தை எண்ணா எழுதுற முறை) கொண்டு வரணும். லாக்ல இருக்கறதையும் லாக் இல்லாததையும் பக்கத்துல வச்சுக் கையால ஒப்பிட்டா விடியுற வரைக்கும் இழுத்துக்கிட்டேதான் இருப்பீங்க. சோனிக்கு கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் போட்டு எஸ்-கேமட்3.சினி, எஸ்-லாக்3 உள்ள குடுங்க. டாவின்சி வைட் கேமட், இன்டர்மீடியட் வெளிய எடுங்க. கேனானுக்கும் ட்ரோனுக்கும் உள்ளீடு ரெக்.709 (சாதாரண டிவியோட நிற முறை), காமா 2.4. பிக்சர் ஸ்டைல் அச்சு அசலா ரெக்.709 கிடையாது, நிறுவனம் தன் ருசிக்கு வளைச்சு வச்சிருக்கும். ஆனாலும் பக்கத்துல கொண்டு வந்து விட்டுடும். கடைசியில எல்லாத்துக்கும் பொதுவா ஒரு நோடுல (திருத்தத்துல ஒரு படி) ரெக்.709-க்குத் திரும்பிடலாம். ஒவ்வொரு கேமராவையும் தனி குரூப் ஆக்கி, குரூப் ப்ரீ-கிளிப்ல இந்த மாற்றத்தை வச்சிட்டீங்கன்னா நூறு கிளிப்புக்கு ஒருதடவை செஞ்சாப் போதும்.

இன்னொண்ணு: சோனியைப் பிடிச்சு மத்ததை அது பக்கம் இழுக்காதீங்க. கேனான்ல ஒரு சேனலுக்கு 256 படிதான், சோனியில 1024. பிக்சர் ஸ்டைல்ல ஏற்கெனவே கான்ட்ராஸ்ட் ஏத்தி வெந்து போன படம் அது. இழுத்தா மண்டபச் சுவருல பட்டை பட்டையா வரும். வளையுறது வளையாததுக்கிட்ட போகணும். கேனானை லேசாத் திருத்தி நிப்பாட்டிட்டு சோனியை அது பக்கம் கொண்டு வாங்க.

நாஞ்சில்_கட் | திங்கள், பகல் 1.15

வேட்டி விஷயம் எனக்குப் புதுசும்மா, நன்றி. இத்தனை வருஷம் சன்னல் பக்கம் வேட்டி நீலிச்சா கேமராவைக் குத்தம் சொல்லிட்டு இருந்தேன்.

ஆனா சோனியைக் கேனான் பக்கம் கொண்டு போறதை என்னால ஏத்துக்க முடியல்ல. நல்லா இருக்கதைக் கெடுத்து மோசத்துக்குச் சமமாக்குறதா? பொண்ணோட நெத்திச்சுட்டி, ஆரம் எல்லாம் சோனியில எவ்வளவு விவரமா இருக்கும்!

குழித்துறை_கலர் | திங்கள், பகல் 1.48

கெடுக்கச் சொல்லல்ல அண்ணாச்சி. நகையையே எடுத்துக்கிடுவோம். தங்கத்துல சிவப்பு சேனல்தான் உயரத்துல இருக்கும், அதுக்குக் கீழ பச்சை, அடியில நீலம். கேனான்ல வெளிச்சம் கூடின இடத்துல சிவப்பு போய் உச்சியில முட்டி நின்னுடும். பச்சை மட்டும் மேல ஏறிக்கிட்டே இருக்கும். அதனாலதான் எரிஞ்சு போன தங்கம் எலுமிச்சை மஞ்சளாத் தெரியுது. முட்டி நின்ன சிவப்பை எந்த நோடு போட்டாலும் திருப்பி எடுக்க முடியாது, அங்க தகவலே இல்ல. அப்ப அடுத்தடுத்து வர்ற ஷாட்டுல சோனித் தங்கம் செம்மஞ்சளாவும் கேனான் தங்கம் எலுமிச்சையாவும் நின்னா வெட்டு கண்ணுல உறுத்தும். சோனியோட உச்சி வெளிச்சத்துல மட்டும் செறிவைக் கொஞ்சம் தணிச்சு விட்டா ரெண்டும் சேந்துடும். நகையோட க்ளோஸ்-அப் பூரா சோனிதானே? அதுல தணிக்கவே வேண்டாம். அடுத்தடுத்து வர்ற ஷாட்டுக்குத்தான் மேட்ச் வேணும்.

நாஞ்சில்_கட் | திங்கள், பகல் 2.05

அது சரி. "அடுத்தடுத்து வர்ற ஷாட்டுக்கு"ன்னு முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வெட்டு முடிவான பிறகுதான் கலருக்கு வரணும், மக்கா. டைம்லைன்ல பக்கத்துல வராத ரெண்டு கிளிப்பைச் சேத்துவைக்க ராத்திரி முழிக்காத.

தக்கலை_எடிட் | செவ்வாய், அதிகாலை 1.30

அக்கா, அண்ணாச்சி, ரெண்டு பேரும் சொன்னதை அப்படியே செஞ்சேன்.

மூணையும் ஒரே ஸ்பேஸுக்குக் கொண்டு வந்ததுமே பாதி வேலை முடிஞ்சிட்டு. அப்புறம் பரேடுல கருப்பு, வெள்ளை, நடு. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்தான் படாத பாடு படுத்திட்டு. கேனான் தம்பி முகத்துல இருந்து வைடுக்கு வர்றப்ப ஃப்ரேமுக்குள்ள மஞ்சத்துணி ஏறுது, உடனே கேமரா நிறத்தைக் குளிர்ச்சியாக்கிடுது. ஒரே கிளிப்புக்குள்ள ரெண்டு நிறம். மாறத் தொடங்குற எடத்துலயும் முடியுற எடத்துலயும் கீஃப்ரேம் வச்சு எதிர்ப்பக்கம் ஓட்டுனேன். ஆறு கிளிப்புக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் ஆச்சு.

நிறமும் செறிவும் எங்க நிக்குதுன்னு வட்டத்துல காட்டுற வெக்டர்ஸ்கோப்புல தோல் நிறக் கோட்டைப் போட்டு, பொண்ணோட முகத்தை மட்டும் விண்டோ போட்டுப் பாத்தா, இப்ப சோனியும் கேனானும் ஒரே கோட்டுல விழுது. பக்கத்துல நிக்க தாய்மாமா நல்ல கருப்பு, பொண்ணு மாநிறம். ரெண்டு பேரும் அதே கோட்டுலதான் நிக்காங்க. வெளிச்சமும் செறிவும்தான் வேற. இதை நானே கண்ணால பாத்தது ரொம்ப சந்தோஷம்.

ஆனா சேலை? ரெண்டு கேமராவுலயும் முகம் ஒண்ணு, வேட்டி ஒண்ணு, வாழைமரம் ஒண்ணு, நகை ஒண்ணு. சேலை மட்டும் இன்னும் சோனியில பச்சை, கேனான்ல நீலம்! ஸ்டில் எடுத்து, ரெண்டு ஷாட்டையும் பாதி பாதியாக் காட்டுற வைப் போட்டுப் பாத்தேன். முகத்துல கோடு எங்க போகுதுன்னே தெரியல்ல. கழுத்துக்குக் கீழ வந்ததும் பட்டுன்னு ரெண்டாப் பிரியுது. என்ன செய்யதுன்னு தெரியல்ல.

வடசேரி_நூல் | செவ்வாய், காலை 7.20

நான் வீடியோக்காரன் இல்ல. ஜவுளிக்கடையில போட்டோ எடுக்கிற வேலைக்காக இங்க வாசிக்கிறது உண்டு. எங்க அப்பா பட்டுத்தறி நெய்தவரு. அதனால சேலையைப் பத்தி மட்டும் சொல்லுதேன்.

மயில்கழுத்துங்கிறது ஒரு சாயம் இல்ல தம்பி. பாவு ஒரு நிறம், ஊடை வேற நிறம். நீலப் பாவுல பச்சை ஊடை ஓடும், இல்லன்னா மாத்தி. கடையில டபுள் ஷேட்னு சொல்லுவாங்க. பட்டு நூல் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி விடக்கூடியது. பாவு நீளவாக்குல கெடக்கு, ஊடை குறுக்க கெடக்கு. ஒரு பக்கத்துல இருந்து பாக்கும்போது பாவு வெளிச்சத்தைத் தரும், இன்னொரு பக்கம் போனா ஊடை தரும். கொசுவத்துல துணி ஒரு திசையில தொங்கும், முந்தானையில வேற திசையில கெடக்கும், மடியில உக்காந்தா இன்னொரு விதமாத் திரும்பும். ஒரே சேலையில, ஒரே நேரத்துல, ஒரே ஆளுக்கே ரெண்டு நிறம் தெரியும். அதுக்காகத்தான் அதுக்கு அந்தப் பேரு. மயிலோட கழுத்தைப் பாத்திருப்பியளே, அது தலையைத் திருப்புனா மாறும்.

எங்க அப்பா துணியை வாங்கினதும் சன்னல்கிட்ட போயி, கண்ணு மட்டத்துக்குப் பிடிச்சு, மெதுவாச் சாய்ச்சுப் பாப்பாரு. ரெண்டு நிறமும் சரிபாதியா வந்து போகணும். ஒண்ணே தூக்கலா நின்னா ஊடை நெருக்கம் தப்பிப் போச்சுன்னு சொல்லுவாரு.

உங்க ரெண்டு கேமராவும் ஒரே எடத்துலயா நின்னுச்சு?

தக்கலை_எடிட் | செவ்வாய், காலை 7.41

இல்ல அண்ணா. நான் மேடைக்கு நேர, கொஞ்சம் தாழ. கேனான் தம்பி வலப்பக்கப் படியில, மேல இருந்து.

குழித்துறை_கலர் | செவ்வாய், காலை 8.30

நான் ரெண்டு நாளா கேமராவையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். வடசேரி அண்ணனுக்குக் கோடி நன்றி.

தம்பி, இதை உறுதி பண்ண ஒரு வழி இருக்கு. ஒரே கேமராவுல வெட்டாம பொண்ணைச் சுத்தி வந்த ஷாட் ஏதாவது இருக்கா? ஒயிட் பேலன்ஸ் பூட்டியிருக்கணும். அந்த ஒரு ஷாட்டுக்குள்ளேயே சேலை நிறம் மாறி, முகம் மாறாம இருந்தா, அது துணியோட குணம். கேமராவுக்கு அதுல பங்கே இல்ல.

தக்கலை_எடிட் | செவ்வாய், பகல் 12.10

இருக்கு அக்கா! தாலி கட்டின பிறகு கிம்பல்ல (கேமராவை ஆடாமத் தாங்குற பிடி) நானே ஒரு அரைவட்டம் போனேன். 14 விநாடி. சோனி, ஒயிட் பேலன்ஸ் 4800 கெல்வின்ல பூட்டினது.

எல்லா நோடையும் அணைச்சுட்டு, வெறும் ஸ்பேஸ் மாற்றத்தை மட்டும் வச்சு ஓட்டுனேன். தொடக்கத்துல, நேர நிக்கும்போது, சேலை மாந்தளிர் மூத்துப் போன பச்சை. அஞ்சாவது விநாடியில இடுப்புப் பக்கம் ஒரு நீலக் கோடு ஓடுது. ஒன்பதாவது விநாடியில கொசுவம் பூரா நீலம், முந்தானை மட்டும் பச்சை. பதினாலுல, கேனான் தம்பி நின்ன பக்கம் வந்து சேரும்போது, அவன் எடுத்த அதே நீலம். முகத்துல விண்டோ போட்டுப் பாத்தேன், வெக்டர்ஸ்கோப்புல தடம் அசையல்ல. சேலையோட தடம் மட்டும் பச்சையில இருந்து நீலத்துக்கு நடந்து போகுது.

சேலைக்குப் போட்ட குவாலிஃபையர் எல்லாத்தையும் அழிச்சுட்டேன். மூணு ராத்திரி வேலை. அழிச்ச பிறகு வாழைமரம் வாழைமரமா நிக்கி.

நாஞ்சில்_கட் | செவ்வாய், பகல் 12.40

அந்த 14 விநாடியை வெட்டாம முன்னால வை மக்கா. சேலை மாத்தி வந்து நிக்க முதல் ஷாட்டே அதுவா இருக்கட்டும். சேலை ரெண்டு நிறம் காட்டும்னு பாக்குறவங்க கண்ணுக்கு முதல்லயே தெரிஞ்சுட்டா, அதுக்கப்புறம் வர்ற பச்சையும் நீலமும் ஒரே சேலையாத்தான் தெரியும்.

முட்டம்_ட்ரோன் | செவ்வாய், மாலை 6.25

இதை வாசிச்சதும் என் பிரச்சினையும் இதுதானோன்னு தோணுது. கன்னியாகுமரியில உதயம் எடுத்தேன். கரையில இருந்து ஒரு கேமரா, படகுல இருந்து ஒரு கேமரா. வள்ளுவர் சிலை ஒண்ணுல பொன்னாட்டு இருக்கு, இன்னொண்ணுல நீலச் சாம்பல். மேட்ச் பண்ணப் பண்ண வானம் கெட்டுப் போகுது.

குழித்துறை_கலர் | செவ்வாய், இரவு 8.00

எந்தக் கேமரா சிலையோட எந்தப் பக்கத்தைப் பாத்துச்சு? வெயில் நேர விழுற பக்கம் பொன்னாத்தான் இருக்கும். நிழல் பக்கத்துக்கு வெளிச்சம் தர்றது வானம், அதனால அது நீலம். 133 அடிக் கல்லு ஒரே நேரத்துல ரெண்டு நிறமா நின்னிருக்கு. அதைச் சமமாக்கினீங்கன்னா உதயமே போயிடும்.

ரெண்டுலயும் வர்ற பொதுவான ஒண்ணைத் தேடுங்க. தொடுவானத்துக்கு மேல ஒரே திசை வானம் ரெண்டுலயும் இருந்தா அதை மட்டும் சேருங்க, சிலையை விட்டுடுங்க. உதயத்துக்கு ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் வேண்டவே வேண்டாம். செம்மை ஏற ஏற, கேமரா அதை ஏதோ பல்பு வெளிச்சம்னு நெனச்சுக் கழுவி விட்டுடும். 5600 கெல்வின்ல பூட்டிடுங்க.

தக்கலை_எடிட் | புதன், இரவு 10.50

மிச்சம் கெடந்தது ஐபோன் கிளிப்பு. டைம்லைன்ல போட்டதும் முகமெல்லாம் வெளிறிப் போய் நின்னுச்சு. அது ஹெச்டிஆர் (சாதாரணத்தைவிடக் கூடுதல் வெளிச்ச அளவைப் பதியுற முறை), அதுல ஹெச்எல்ஜி வகை. உள்ளீட்டுல ரெக்.2020, ஹெச்எல்ஜி குடுத்ததும் இடத்துக்கு வந்துட்டு. ட்ரோன் ஷாட்டுல தென்னை ஓலையோட பச்சையை மட்டும் சோனி வெளிப்புற ஷாட்டுக்குச் சேத்தேன், சேலையைத் தொடல்ல.

சாயங்காலம் பொண்ணு வீட்டுக்கே லேப்டாப்பைக் கொண்டு போய்ப் போட்டுக் காட்டினேன். அந்தச் சுத்து ஷாட் ஓடும்போது அம்மா உள்ள போயி சேலையை எடுத்துட்டு வந்துட்டாங்க. ட்யூப்லைட்டுக்குக் கீழ பிடிச்சு அப்படியும் இப்படியும் சாய்ச்சாங்க. "ஆமா, கடையிலயும் இப்பிடித்தான் காட்டினான்"னாங்க. அவ்வளவுதான், வேற திருத்தம் ஒண்ணும் சொல்லல்ல.

அடுத்த கல்யாணம் மார்த்தாண்டத்துல. சாம்பல் அட்டை ஒண்ணு வாங்கிட்டேன். மேடையில வெளிச்சம் போட்டதும் ரெண்டு கேமராவும் அதையே பாத்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுக்கணும், அப்புறம் பத்து விநாடி அதை ரெக்கார்டும் பண்ணணும்னு தம்பிகிட்ட சொல்லியாச்சு. ஒரே கெல்வின் எண் போட்டா ரெண்டு நிறுவனத்துல ஒரே நிறம் வராதுன்னு அவனுக்கும் இப்பதான் தெரியும்.

வடசேரி_நூல் | புதன், இரவு 11.15

தம்பி, வீட்டுக்காரங்க சம்மதிச்சா அந்த 14 விநாடி ஷாட்டை எனக்கு அனுப்ப முடியுமா? முகம் வேண்டாம், கழுத்துக்குக் கீழ வெட்டிக் குடுத்தாப் போதும். அப்பா தறியை நிப்பாட்டி ரொம்ப நாளாச்சு. உடுத்தி நடக்கிற பட்டுல ரெண்டு நிறமும் எப்பிடி வந்து போகுதுன்னு அவருக்குக் காட்டணும்.

தக்கலை_எடிட் | வியாழன், காலை 6.45

அம்மாகிட்ட கேட்டுட்டேன் அண்ணா, சரின்னுட்டாங்க. முகம் இல்லாம வெட்டி, முழு அளவுல அனுப்பியிருக்கேன். பெரிய திரையில போட்டுக் காட்டுங்க, போன்ல ராத்திரி மோடு இருந்தா நீலம் செத்துப் போகும். ஒன்பதாவது விநாடியில கொசுவத்தைப் பாக்கச் சொல்லுங்க. ஊடை நெருக்கம் சரியா இருக்கான்னு அப்பா என்ன சொல்லுதாருன்னு எனக்கும் எழுதுங்க.